ஹார்லன் கவுண்டியின் ஊர் வரலாற்றைத் தேடுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், வர்ஜீனியா எல்லையை ஒட்டிய அப்பலாச்சிய மலைநாட்டில் இருக்கிறது ஹார்லன் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). நிலக்கரிக்கும் 1930-களின் தொழிலாளர் போராட்டங்களுக்கும் பெயர்போன இடம். கீழே சொல்லியிருப்பவை அக்கம்பக்கத்து பெல், லெஸ்லி, பெர்ரி, லெச்சர் கவுண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மலையைத் தாண்டி வர்ஜீனியாவுக்குள் போனால் சட்டம் வேறு, அலுவலகங்களும் வேறு.

எதிலிருந்து தொடங்குவது? குடும்பப் பெயரிலிருந்தா, ஊரிலிருந்தா?

ஓடையிலிருந்து. வெளியூரிலிருந்து வந்து தேடுபவர்கள் முதலில் சறுக்குவதே இதில்தான். பூர் ஃபோர்க், குளோவர் ஃபோர்க், மார்ட்டின்ஸ் ஃபோர்க் என்ற மூன்று கிளையாறுகள் ஹார்லன் நகரத்துக்கும் பாக்ஸ்டருக்கும் அருகே ஒன்றுசேர்ந்து கம்பர்லாந்து ஆறாகின்றன. இவற்றில் வந்து விழும் நூற்றுக்கணக்கான சிற்றோடைகளின் இடுக்குப் பள்ளத்தாக்குகளில்தான் மக்கள் குடியிருந்தார்கள். உள்ளூர் பேச்சில் அந்தப் பள்ளத்தாக்குக்கு 'ஹாலர்' என்று பெயர். வரிப்பட்டியல், கிரயப் பத்திரம், அஞ்சல் நிலையம், தேர்தல் வட்டம், தேவாலயம் எல்லாம் ஓடையின் பெயரால்தான் குறிக்கப்பட்டன.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கும் வழக்கம். அதனால் ஒரே தலைமுறையில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது ஓடையின் பெயர் மட்டுமே. குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒருவருடைய நிலத்தை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவீர்கள்.

ஆகவே முதல் வேலையாக அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் 1:24,000 அளவுகோல் நிலப்படத்தை எடுத்து, உங்கள் ஓடையையும் அதில் சேரும் எல்லாக் கிளைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். 'லாரல்', 'லிக்' போன்ற பெயர்கள் ஒரே கவுண்டியில் பலமுறை வரும். எனவே அந்தக் கிளை எந்தப் பெரிய ஓடையில் போய்ச் சேருகிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். அதே துறையின் பழைய நிலப்படங்கள் 1880-களிலிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதிப் படங்களில் வீடுகள், பள்ளிகள், தேவாலயங்கள் சிறு கறுப்புக் கட்டங்களாகத் தெரியும். இன்று பெயரே இல்லாமல் போன குடியிருப்பை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

கவுண்டி எப்போது உருவானது என்பது எனக்கு எதற்கு?

ஒரு கவுண்டி பிரிக்கப்படும்போது பழைய ஏடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். புதிய கவுண்டியின் கட்டடத்தில் தேடிக் கிடைக்காமல் பலர் திரும்பிப் போவது இதனால்தான். கென்டக்கி 1792 ஜூன் 1 வரை வர்ஜீனியாவின் பகுதி. 1780-இல் லிங்கன் கவுண்டி, அதிலிருந்து 1799-இல் நாக்ஸ், முக்கியமாக நாக்ஸிலிருந்து 1819-இல் ஹார்லன் என்று கிளைத்தது. 1782-இல் புளூ லிக்ஸ் சண்டையில் இறந்த சைலஸ் ஹார்லனின் பெயர் கவுண்டிக்கு வைக்கப்பட்டது. பிறகு ஹார்லனும் தன் ஓரங்களை இழந்தது: 1842-இல் லெச்சருக்கு ஒரு பகுதி, 1867-இல் பெல்லுக்கு (முதலில் அதன் பெயர் ஜோஷ் பெல்), 1878-இல் லெஸ்லிக்கு ஒரு பகுதி.

ஒருவர் வீட்டை விட்டு நகராமலே மூன்று கவுண்டிகளின் ஏடுகளில் வரக்கூடும். சிகாகோவின் நியூபெர்ரி நூலகம் தயாரித்த வரலாற்றுக் கவுண்டி எல்லை வரைபடத்தில் ஆண்டையும் நாளையும் கொடுத்தால் அன்றைய எல்லை தெரியும். கவுண்டியின் தலைநகரும் 1912 வரை மவுண்ட் பிளசன்ட் என்ற பெயரைத் தாங்கியிருந்தது. பழைய தாள்களில் அந்தப் பெயரைப் பார்த்து வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.

உள்நாட்டுப் போரில் நீதிமன்றம் எரிந்துபோனதாமே? அப்படியானால் எதுவும் மிஞ்சவில்லையா?

1863-இல் ஹார்லன் நீதிமன்றக் கட்டடம் கொளுத்தப்பட்டது உண்மை. வர்ஜீனியாவின் லீ கவுண்டி நீதிமன்றம் எரிக்கப்பட்டதற்குப் பழிவாங்கியதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 'எரிந்துவிட்டது' என்ற சொல்லைக் கேட்டுத் தேடலை நிறுத்துவது சோம்பல். ஒவ்வோர் ஏடாகக் கேட்க வேண்டும்: இந்த வகை ஏட்டில் எந்த ஆண்டு முதல் இருக்கிறது? அதோடு, கவுண்டிக்கு வெளியே தங்கிய நகல்களுக்குத் தீ ஒன்றும் செய்யவில்லை. ஆண்டுதோறும் மாநிலத்துக்கு அனுப்பிய வரிப்பட்டியல், தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள நில மானியப் பதிவுகள், கூட்டரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மேல்முறையீட்டுக்குப் போன வழக்குக் கட்டுகள் எல்லாம் வேறு கூரையின் கீழ் இருந்தன. எரிந்த பத்திரத்தின் சொந்தக்காரர் தம்மிடமிருந்த மூலத்தைக் கொண்டுவந்து மறுபடி பதிந்துகொள்வதும் உண்டு. எனவே 1840-இல் எழுதிய பத்திரத்தை 1870-களின் புத்தகத்திலும் தேடுங்கள்.

கட்டடத்துக்குள் நுழைந்தால் எந்த மேசைக்குப் போவது?

கவுண்டி கிளார்க்கிடம் கிரயம், அடமானம், திருமணம், உயில். சர்க்யூட் நீதிமன்றக் கிளார்க்கிடம் உரிமையியல், குற்றவியல் வழக்குகள். சொத்து மதிப்பீட்டாளரிடம் இன்றைய நிலத்துண்டு வரைபடம். பழைய வழக்குக் கட்டுகளும் ஏடுகளும் பெரும்பாலும் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள கென்டக்கி நூலக, ஆவணக்காப்பகத் துறைக்குப் போய்விட்டன. ஏதாவது ஓர் ஏடு எங்கே என்று போவதற்கு முன்பே தொலைபேசியில் கேளுங்கள். ஹார்லனுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் நடுவே பாதி மாநிலம் கிடக்கிறது.

யாரும் கேட்காத, ஆனால் ஊர் வரலாற்றுக்குத் தங்கச் சுரங்கமான ஏடு ஒன்று உண்டு: கவுண்டி நீதிமன்ற உத்தரவுப் புத்தகம். சாலை போடுவது, ஆலைக்கு அணை கட்ட அனுமதி, அநாதைப் பிள்ளைக்குக் காப்பாளர், ஏழைக்கு உதவித்தொகை, சத்திர உரிமம் எல்லாம் அதில் வரும். சாலைக்கு ஒரு மேற்பார்வையாளரை நியமித்து, இன்ன இன்ன ஆண்கள் அவருக்குக் கீழ் வேலை செய்ய வேண்டும் என்று பெயர்களை வரிசையாக எழுதுவார்கள். அந்தப் பட்டியல் அந்தச் சாலை ஓரத்து அண்டை வீட்டாரின் பட்டியலேதான். அட்டவணையில் சாலையின் பெயர் மட்டும் இருக்கும், ஆட்களின் பெயர் இருக்காது. பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும்.

கிரயப் பத்திரத்தில் 'வெள்ளை ஓக் மரத்திலிருந்து தொடங்கி' என்று எழுதியிருக்கிறது. இதை எப்படி வரைபடமாக்குவது?

கென்டக்கியின் இந்தப் பகுதியில் சர்வே எண் கிடையாது. நம்மூர்ப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவதுபோல, ஒரு மூலையிலிருந்து திசையும் தூரமும் சொல்லிக்கொண்டே சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடிப்பார்கள். தூரத்தின் அலகு 'போல்'. ஒரு போல் 16.5 அடி, 4 போல் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி, 320 போல் ஒரு மைல், 160 சதுரப் போல் ஓர் ஏக்கர்.

'வடக்கிலிருந்து 45 பாகை கிழக்கே, 60 போல், இரண்டு செஸ்ட்நட் மரங்கள் வரை' என்று ஒரு வரி வந்தால் தூரம் 990 அடி. 1:24,000 படத்தில் ஓர் அங்குலம் 2,000 அடி என்பதால் இது ஏறத்தாழ அரை அங்குலக் கோடு. எல்லா வரிகளையும் ஒரு கண்ணாடித்தாளில் அதே அளவுகோலில் வரைந்து, நிலப்படத்தின் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். 'ஓடையின் வளைவுகளோடு மேலேறி' என்ற வரிதான் உங்களுக்குப் பிடிகொடுக்கும். மரம் செத்துப்போகும், ஓடை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். செஸ்ட்நட் மூலைகளைத் தேடிக் காட்டுக்குள் போவதில் பயனில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பரவிய பூஞ்சை நோய் அந்த மரங்களை அப்பலாச்சியா முழுக்க அழித்துவிட்டது.

கோடு தொடங்கிய இடத்தில் வந்து முட்டவில்லை என்றாலோ, நிலப்படத்தோடு பொருந்தவில்லை என்றாலோ காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். நகலெடுத்தவர் ஒரு வரியை விட்டிருப்பார், அல்லது வடக்கைத் தெற்கு என்று எழுதியிருப்பார். தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டாவது, மலைச்சரிவில் சங்கிலியைச் சாய்வாகப் பிடித்து அளந்திருப்பார்கள். கிடைத்தள தூரம் அதைவிடக் குறைவு. மூன்றாவது காரணம் திசைகாட்டி. இது இடைவெளியைக் கோட்டுக்குள் உண்டாக்காது, முழு நிலத்தையும் திருப்பிவிடும். காந்த வடக்கு ஆண்டுக்காண்டு நகர்கிறது. 5 பாகை மாறினால் 100 போல் நீளமுள்ள கோட்டின் முனை சுமார் 144 அடி விலகிப்போகும். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் கணிப்பானில் இடத்தையும் ஆண்டையும் கொடுத்து அன்றைய விலக்கத்தைப் பெறலாம். நிலத்தை அளந்த ஆண்டைக் கொடுக்க வேண்டும். கிரயம் செய்த ஆண்டைக் கொடுத்தால் தவறும், ஏனென்றால் 1820-இன் வாசகத்தை 1900 வரை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டே வந்திருப்பார்கள்.

அட்டவணையில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் இரண்டையும் பாருங்கள். தகப்பன் இறந்து நிலம் பிள்ளைகளுக்குப் போனால் கிரயமே இருக்காது. பிறகு எப்போதோ பிள்ளைகளும் மருமக்களும் சேர்ந்து ஒரு பங்கை விற்கும்போது மொத்தக் குடும்பமும் ஒரே தாளில் வரிசையாக வரும். அந்தத் தாள் கிடைத்தால் பத்துக் கணக்கெடுப்புக்குச் சமம்.

முதல் நில மானியம் எங்கே இருக்கும்?

ஃபிராங்க்ஃபர்ட்டில், மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிலப் பிரிவில். படங்களை இணையத்திலேயே பார்க்கலாம். மானியம் நான்கு படிகளில் நடக்கும்: உரிமைச்சீட்டு, இடத்தைக் குறித்தல், அளவை, கடைசியில் மானியம். படிகளுக்கிடையே பல ஆண்டுகள் ஓடியிருக்கும். இடையில் உரிமை வேறொருவர் கைக்கு மாறியிருக்கும். மானியத்தில் பெயர் இருப்பதால் அவர் அங்கே வாழ்ந்தார் என்று எழுதிவிடாதீர்கள். பல்லாயிரம் ஏக்கரை வாங்கிய தொலைதூர வணிகர்கள் மலையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒரே நிலத்துக்கு மேலுக்கு மேல் பலர் மானியம் பெற்றதால் எழுந்த வழக்குகளில்தான் பழைய குடிகளின் சாட்சிகள் கிடைக்கின்றன: 'நான் இங்கே வந்து இத்தனை ஆண்டு, அந்த மூலை மரத்தை வெட்டும்போது நான் நின்றேன்' என்ற வகையில். அந்தச் சாட்சி ஏடுகளைத் தவறவிடாதீர்கள்.

நிலம் விற்றவர் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்திருக்கிறாரே, எப்படி?

விற்றது நிலத்தடியை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஜான் சி. சி. மேயோ போன்றவர்கள் கிழக்குக் கென்டக்கி மலைகளில் ஏக்கருக்குச் சில டாலர், சில வேளைகளில் அதற்கும் கீழே கொடுத்துக் கனிம உரிமையை மட்டும் எழுதி வாங்கினார்கள். 'அகல வடிவப் பத்திரம்' என்று அதற்குப் பெயர். மேற்பரப்பு குடியானவருக்கே, வரியும் அவரே கட்டுவார். ஆனால் நிலக்கரியை எடுக்கத் தேவையான எதையும் செய்யும் உரிமை வாங்கியவருக்கு. கையெழுத்துப் போட்டபோது யாரும் திறந்தவெளிச் சுரங்கத்தைக் கண்டதில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1956-இல், மாநில மேல் நீதிமன்றம் இந்தப் பத்திரங்கள் மேற்பரப்பைச் சுரண்டி எடுப்பதையும் அனுமதிப்பதாகத் தீர்ப்பளித்தது. 1988-இல் வாக்காளர்கள் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1993-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

ஆய்வாளருக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன்: கனிமம் வாங்கிய நிறுவனங்கள் வில்லங்கம் பார்த்துத் தொகுத்த உரிமைத் தொடர்கள் முதல் மானியத்திலிருந்து வாரிசுகள் வரை போகும். பழைய நில வழக்குக் கட்டுகளில் அவை சான்றாக இணைக்கப்பட்டிருக்கும்.

கணக்கெடுப்பையும் வரிப்பட்டியலையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது?

ஹார்லனின் முதல் கூட்டரசுக் கணக்கெடுப்பு 1820-இல் நடந்தது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் எழுதப்பட்டது. 1850 முதல் அடிமைகளாக இல்லாத எல்லோரின் பெயரும். 1880 முதல் தலைவருக்கு என்ன உறவு என்பதும். 1890-இன் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயோடு போயிற்று. 72 ஆண்டு விதிப்படி 1950-இன் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன. அடுத்தது 2032-இல்.

பத்தாண்டு இடைவெளிகளை நிரப்புவது வரிப்பட்டியல். ஆண்டுதோறும் நிலத்தின் அளவு, எந்த நீர்நிலையோரம், 21 வயதைத் தாண்டிய வெள்ளை ஆண்கள் எத்தனை பேர், குதிரைகள் எத்தனை என்று இருக்கும். ஒரு பெயர் திடீரென்று நிலமில்லாமல் முதன்முறை தோன்றினால் அந்தப் பையனுக்கு 21 ஆகிவிட்டது, அல்லது புதிதாகக் குடிவந்திருக்கிறார். ஒரு பெயர் மறைந்து அடுத்த ஆண்டு அதே ஏக்கர் ஒரு பெண்ணின் பெயரில் வந்தால் கணவர் இறந்திருக்கிறார் என்று கொண்டு தேடலாம். ஓர் ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் ஒன்றும் புலப்படாது. குறைந்தது பத்து ஆண்டுகளைத் தொடர்ச்சியாக ஒரு விரிதாளில் ஏற்றுங்கள்.

பிறப்பு, இறப்பு, திருமணம்?

மாநிலம் முழுவதுக்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1911-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் 1852 முதல் 1862 வரை வரி மதிப்பீட்டாளர்கள் சேகரித்த பட்டியல்களும், பிறகு விட்டுவிட்டு வந்த சில முயற்சிகளும் உண்டு. இருப்பவை அரைகுறைதான்.

திருமண விஷயத்தில் ஒரு பொறி. 'பத்திரம்' என்று கிடைப்பது மாப்பிள்ளையும் ஒரு ஜாமீன்தாரரும் எழுதிக்கொடுத்த பிணை. திருமணம் நடந்ததற்குச் சான்று பாதிரியார் திருப்பி அனுப்பிய அறிக்கை. ஆனால் ஜாமீன்தாரரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெண்ணின் தகப்பனோ அண்ணனோதான். அட்டவணை போட்டவர்கள் அவரை விட்டுவிடுவதால் மூலப் படத்தைப் பார்க்க வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் வர்ஜீனியாவின் லீ, வைஸ் கவுண்டிகளிலும் தேடுங்கள். வரைபடத்தில் மாநில எல்லையாகத் தெரிவது அவர்களுக்கு ஒரு முகடு.

இறப்புச் சான்றிதழில் 'ஸ்லேட் விழுந்து' என்று காரணம் எழுதியிருந்தால் கூரை ஓட்டை நினைக்காதீர்கள். சுரங்கத்துக்குள் தலைக்கு மேலிருந்த பாறை இடிந்து விழுந்தது என்று பொருள்.

தாத்தா நிலக்கரி முகாமில், அதாவது சுரங்க நிறுவனம் தொழிலாளருக்காகக் கட்டிய குடியிருப்பில் இருந்து வேலை பார்த்தார். எந்த முகாம் என்று தெரியவில்லை.

இரயில் பாதை 1911-இல் ஹார்லனுக்கு வந்தது. 1910-இல் சுமார் 10,500 ஆக இருந்த கவுண்டியின் மக்கள்தொகை 1940-இல் 75,000-ஐத் தாண்டியது; 2020-இல் 27,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. பென்ஹம் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் துணை நிறுவனமான விஸ்கான்சின் ஸ்டீல் எழுப்பிய ஊர். அதை ஒட்டிய லிஞ்ச் 1917-இல் யு.எஸ். ஸ்டீலின் துணை நிறுவனமான யு.எஸ். கோல் அண்ட் கோக் கட்டியது. இவை தவிரச் சிறு முகாம்கள் ஏராளம்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே இடத்துக்குச் சுரங்கத்தின் பெயர் ஒன்று, நிறுவனத்தின் பெயர் ஒன்று, அஞ்சல் நிலையத்தின் பெயர் ஒன்று, இரயில் நிறுத்தத்தின் பெயர் ஒன்று என்று நான்கு இருக்கலாம். பாட்டி சொல்லும் பெயர் இவற்றில் எதுவாகவும் இருக்கும், அல்லது ஐந்தாவதாகவும் இருக்கும். நான்கையும் ஒரே வரிசையில் எழுதிய பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, 1917–18 இராணுவப் பதிவு அட்டையைத் தேடுங்கள். முதலாளியின் பெயரும் வேலை செய்த இடமும் அதில் இருக்கும். மாநிலச் சுரங்க ஆய்வாளரின் ஆண்டறிக்கைகள் 1884 முதல் வந்தன. ஒவ்வொரு சுரங்கத்தின் உற்பத்தி, ஆட்கள், விபத்தில் இறந்தவர்கள் பற்றி அவற்றில் பார்க்கலாம். அஞ்சல் நிலைய இருப்பிட அறிக்கைகளில், 1837 முதல் 1950 வரை, எந்த ஓடையிலிருந்து எத்தனை மைல் என்று அஞ்சல் அதிகாரியே எழுதிக்கொடுத்திருப்பார், சில வேளை கையால் வரைந்த படத்தோடு. அவை தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. மூடிய சுரங்கங்களின் வரைபடங்களை மாநிலத்தின் சுரங்க வரைபடத் தளத்தில் பார்க்கலாம். நிலத்துக்கு அடியில் எது எங்கே போனது என்று அதில் தெரியும்.

படங்கள் வேண்டுமென்றால் மூன்று இடங்கள். கம்பர்லாந்திலுள்ள சவுத்ஈஸ்ட் கென்டக்கி சமுதாயக் கல்லூரியின் அப்பலாச்சிய ஆவணக்காப்பகத்தில் பென்ஹம், லிஞ்ச் நிறுவனங்களின் புகைப்படங்கள் உள்ளன. பென்ஹமில் நிறுவனக் கடையாக இருந்த கட்டடம் இப்போது நிலக்கரி அருங்காட்சியகம். மூன்றாவது, 1946-இல் சுரங்கக் குடும்பங்களின் உடல்நலம் பற்றிய அரசு ஆய்வுக்காக ரசல் லீ எடுத்த படங்கள். லெஜூனியர் போன்ற ஹார்லன் முகாம்களின் வீடுகள், கடைகள், குழந்தைகள் எல்லாம் விளக்கக் குறிப்போடு தேசிய ஆவணக்காப்பகப் பட்டியலில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறுவனம் எடுத்த படத்தையும் லீயின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் வெள்ளையடித்த வேலி, பின்னதில் அந்த வேலிக்குப் பின்னால் இருந்த கழிவறை.

'இரத்தம் தோய்ந்த ஹார்லன்' என்று பெயர்பெற்ற 1930-களின் தொழிலாளர் போராட்டம் பற்றி நம்பகமான மூலம் எது?

ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. 1931 மே 5 அன்று ஹார்லன் கவுண்டியின் எவர்ட்ஸ் ஊரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் 4 பேர் இறந்தார்கள். அன்றைய செய்தித்தாள்களைப் படித்தால் யார் பணம் போட்ட தாள் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். 1937-இல் அமெரிக்க மேலவையின் லா ஃபாலெட் குழு ஹார்லன் பற்றி விசாரித்தது. அதன் அச்சிட்ட தொகுதிகளில் சுரங்கத் தொழிலாளிகள், சுரங்க முதலாளிகள், ஷெரிஃபின் ஆட்கள் எல்லோரும் சத்தியம் செய்து சொன்னவை வரிக்குவரி உள்ளன. நிறுவனங்கள் கொடுத்த கணக்குகளும் சான்றாக இணைக்கப்பட்டுள்ளன. ஊர்ப் பெயரைப் பிடித்து அதில் தேடலாம். அதைத் தொடர்ந்து 1938-இல் லண்டன் என்ற கென்டக்கி ஊரில் முதலாளிகள் மீது நடந்த கூட்டரசு வழக்கு, நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வராமல் முடிந்தது. தொழிற்சங்கத்தின் ஆவணங்கள் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

1880-களின் ஹவர்ட், டர்னர் குடும்பங்களின் பகை பற்றியும் கேட்கிறார்கள். வடக்கு நகரப் பத்திரிகைகளுக்கு மலைவாசி என்றாலே துப்பாக்கியும் சாராயமும்தான். சர்க்யூட் நீதிமன்றக் கட்டுகளையும் ஆளுநருக்குப் போன கடிதங்களையும் பார்த்தபின் அந்தச் செய்திகளைப் படியுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

கறுப்பினக் குடும்பங்களின் வரலாறு எங்கே?

1850, 1860-இன் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்குப் பெயர் இருக்காது, வயது, பாலினம், நிறம் போன்றவைதான். பெயரோடு எல்லோரும் வருவது 1870-இல். லிஞ்ச், பென்ஹம் குடும்பங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு, நிறுவன முகவர்கள் அலபாமா போன்ற தென் மாநிலங்களிலிருந்து அழைத்து வந்தவர்கள். எனவே 1900-இன் கணக்கெடுப்பை அங்கே தேட வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் சுரங்கம் இயந்திரமானபோது கிளீவ்லாந்து, டெட்ராய்ட், சிகாகோ போனார்கள். குடும்பப் படங்களும் பள்ளி மலர்களும் அவர்களோடு போய்விட்டன. அவற்றைத் திரட்டிய கிழக்குக் கென்டக்கி ஆப்பிரிக்க அமெரிக்கக் குடிபெயர்வுத் திட்டத்தின் தொகுப்பு வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் உள்ளது. ஹார்லனைப் பற்றிய நல்ல தொகுப்பு ஒன்று ஹார்லனில் இல்லை என்பதில் வியப்பு எதுவும் இல்லை.

எங்கள் கொள்ளுப்பாட்டி செரோக்கிப் பழங்குடி என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

மலைநாட்டில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இந்தக் கதை உண்டு. 1907 ஆகஸ்ட் 31-ஐக் கடைசி நாளாகக் கொண்டு கிழக்குச் செரோக்கி இழப்பீட்டுக்கு வந்த சுமார் 46,000 விண்ணப்பங்களைப் பாருங்கள். பெரும்பகுதி தள்ளப்பட்டது. தள்ளப்பட்டதிலும் தாத்தா பாட்டி, அத்தை மாமா, பிறந்த இடம் என்று விண்ணப்பதாரர் தம் வாயால் சொன்னவை இருக்கும். குடும்ப மரத்துக்கு அது பயன்படும், பழங்குடி வம்சத்துக்குச் சான்றாகாது.

கல்லறைகளைப் பதிவு செய்வது எப்படி?

பெரும்பாலானவை குடும்பக் கல்லறைகள். முகட்டின் மேல், யாரோ ஒருவருடைய நிலத்துக்குள். முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை போனால் இலை உதிர்ந்திருக்கும், பாம்பு இருக்காது. எழுத்தில்லாத வெறும் கற்கள்தான் அதிகம். காட்டுக்குள் தரை முழுக்கப் பசுமையாகப் பரவிய வின்கா கொடியோ, தனித்து நிற்கும் யூக்கா செடியோ, கிழக்கு மேற்காக நீண்ட பள்ளங்களோ கண்டால் அங்கே புதைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

மங்கிய எழுத்தைப் படிக்கச் சவர நுரை, சுண்ணக்கட்டி, கம்பித் தூரிகை எதையும் கல்லில் போடாதீர்கள். நுரையின் அமிலம் கல்லின் நுண்துளைக்குள் தங்கி அரிக்கும். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் எழுத்தின் நிழல் எழும்பிவிடும். மேகமூட்டமென்றால் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். ஒவ்வொரு கல்லையும் தனியாகவும், வரிசையைச் சேர்த்தும் படமெடுங்கள். யார் பக்கத்தில் யார் என்பதும் ஒரு தகவல். 1977-இன் கூட்டரசுச் சட்டம் கல்லறைக்கு 100 அடிக்குள் மேற்பரப்புச் சுரங்கத்தைத் தடுக்கிறது. எனவே சுரங்க அனுமதி வரைபடங்களிலும் கல்லறைகள் குறிக்கப்பட்டிருக்கும். பதிவாகாத கல்லறைக்கு அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் கிடைப்பது கடினம். அதனால் இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

முதியவர்களிடம் பேசும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஆண்டைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அச்சிட்ட நிலப்படத்தை மேசையில் விரித்து, 'ஓடையில் மேலே போனால் உங்களுக்கு அடுத்த வீடு யாருடையது? அதற்கு அடுத்தது?' என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் ஒரு பள்ளத்தாக்கு நிரம்பிவிடும். வேலைநிறுத்தத்தில் யார் எந்தப் பக்கம் என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள், அவர்களே எடுத்தால் மட்டும். சங்கத்தை உடைத்தவர் என்ற பெயர் பேரப்பிள்ளைகள் வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதிவுசெய்தால் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிகாபைட் ஆகும். குளிர்பெட்டியின் இரைச்சலும் மின்விசிறியின் இரைச்சலும்தான் பெரிய எதிரிகள். எழுத்துவடிவம் எடுக்க ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறேழு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒப்புதல் படிவத்தில் அன்றே கையெழுத்து வாங்குங்கள், பிறகு வாங்க முடியாமலே போகலாம். புதிதாகப் பதிவதற்கு முன் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் லூயி பி. நன் வாய்மொழி வரலாற்று மையத்தின் பட்டியலைப் பாருங்கள். அதே நபரையோ அவர் தகப்பனாரையோ முன்பே யாராவது பேட்டி கண்டிருக்கக்கூடும். 1913-இல் தொடங்கிய பைன் மவுண்டன் செட்டில்மென்ட் பள்ளியின் இணைய ஆவணத்தொகுப்பையும் பாருங்கள்.

கோப்பின் நகலை மலைக்கு வெளியிலும் வையுங்கள். 2022 ஜூலை இறுதி வெள்ளத்தில் பக்கத்து லெச்சர் கவுண்டியின் வைட்ஸ்பர்கில் ஆப்பல்ஷாப் என்ற கலை, ஊடக அமைப்பின் ஆவணக்காப்பகம் மூழ்கி, பல பத்தாண்டுகளின் படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் சேற்றில் கிடந்தன.

அங்கே போகாமலே எவ்வளவு செய்ய முடியும்?

பாதிக்கு மேல். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் பல கவுண்டி ஏடுகளின் படங்கள் இலவசம். பெயர் தேடலில் வராதவை ஏராளம். 'பட்டியல்' பகுதிக்குப் போய் ஹார்லன், கென்டக்கி என்று கொடுத்து ஏட்டுவாரியாகத் திறக்க வேண்டும். அண்மையில் வந்த முழு உரைத் தேடலில் கையெழுத்துப் பத்திரங்களுக்குள்ளும் தேடலாம். அதில் ஓடையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பூட்டுச் சின்னம் போட்ட படங்களை அவர்களுடைய மையத்திலோ இணைந்த நூலகத்திலோ மட்டும் பார்க்க முடியும். செய்தித்தாள்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இலவசத் தளமும் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் எண்ணிமச் செய்தித்தாள் தொகுப்பும் உண்டு. எழுத்துணரி தவறாகப் படிப்பதால் 'எவர்ட்ஸ்' கிடைக்காவிட்டால் அன்றைய தேதியைத் திறந்து கண்ணால் தேடுங்கள்.

இந்திய மருத்துவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் இருந்தார்களாமே?

ஆம். 1965-இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பின், மருத்துவர் கிடைக்காத நிலக்கரி ஊர்களுக்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பலர் போனார்கள். அவர்களில் முதல் தலைமுறை இப்போது ஓய்வுபெற்று வருகிறது. தேட வேண்டிய இடங்கள்: உள்ளூர்ச் செய்தித்தாளில் மருத்துவமனை விளம்பரங்கள், மாநில மருத்துவ உரிமப் பதிவு, கூட்டரசு நீதிமன்றத்தின் குடியுரிமைப் பதிவு, வீட்டுக் கிரயம். அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களைப் பேட்டி காணும்போது மருத்துவரின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதச் சொல்லாதீர்கள். அவர்கள் அழைத்த சுருக்கப் பெயரை அப்படியே பதிந்துகொண்டு, பிறகு உரிமப் பட்டியலோடு பொருத்துங்கள்.